பருத்தி வழக்கு: பிரேசில் ஜெயித்தது, மாலிக்கு என்ன கிடைத்தது?

2010 ஏப்ரலில் அமெரிக்காவும் பிரேசிலும் விசித்திரமான ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரேசில் பருத்தி விவசாயிகளுக்காகத் தொடங்கப்படும் நிதிக்கு அமெரிக்க அரசு ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் செலுத்தும். பதிலுக்கு, உலக வர்த்தக அமைப்பில் வழக்காடிப் பெற்ற பதிலடி உரிமையை, அதாவது அமெரிக்கப் பொருள்கள் மீது கூடுதல் தீர்வை போடுவது போன்ற உரிமையை, பிரேசில் பயன்படுத்தாமல் வைத்திருக்கும். அமெரிக்கா தன் விவசாயிகளுக்குத் தந்துவந்த பருத்தி மானியம் சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மானியத்தை நிறுத்துவதைவிட, பாதிக்கப்பட்ட நாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவது வாஷிங்டனுக்குச் சுலபமாக இருந்தது.

அதே மானியத்தால் அடிபட்டவர்கள் இன்னும் இருந்தார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகள் பிரேசிலைவிடப் பல மடங்கு ஏழை நாடுகள். பருத்தியை நம்பியிருப்பதும் அதிகம். பிரேசில் வழக்கு மன்றத்துக்குப் போன அதே காலத்தில் இவை பேச்சுவார்த்தை மேசைக்குப் போயின. அந்த 2010 உடன்பாட்டின் பணத்தில் இவற்றுக்கென்று பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை.

இரண்டு பாதைகளும் ஒரே சமயத்தில், ஒரே மானியத்தைக் குறிவைத்து, ஒரே அமைப்புக்குள் நடந்தவை என்பதால் விவசாய வர்த்தகப் பேச்சுவார்த்தை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது கடினம். நியாயம் யார் பக்கம் என்பதில் உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் பெரிய சந்தேகம் யாருக்கும் இருக்கவில்லை. எதிராளியின் ஏற்றுமதிக்கு வலிக்கும்படி அடிக்க யாரால் முடியும் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

வானம் பார்த்த பருத்தி

மாலியின் சிக்காசோ, குச்சியாலா பகுதிகளிலும், புர்கினாவின் போபோ-டியுலாசோவைச் சுற்றியும், வடக்கு பெனினின் பானிக்குவாராவிலும், சாடின் தெற்கே முண்டுவிலும் பருத்தி என்பது மானாவாரிப் பயிர். சில ஹெக்டேர் நிலம், மாடு பூட்டிய ஏர், கையால் பறிப்பு. கையால் பறிப்பதால் பஞ்சின் தரம் நன்றாகவே இருக்கும். உற்பத்திச் செலவைப் பார்த்தால் உலகத்திலேயே மலிவாகப் பருத்தி விளைவிப்பவர்களில் இவர்களும் உண்டு.

2003இல் இந்த நாடுகளே உலக வர்த்தக அமைப்பிடம் கொடுத்த கணக்குப்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 முதல் 10 சதவீதமும், ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 30 சதவீதமும், விவசாய ஏற்றுமதியில் 60 சதவீதத்துக்கு மேலும் பருத்தியிலிருந்து வந்தன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்தால் ஒரு கோடிப் பேருக்கு இதில் பிழைப்பு.

இந்தப் பருத்திப் பொருளாதாரத்தின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது தெரியாமல் பின்னால் வரும் எதுவும் புரியாது. பிரெஞ்சுக் காலனிக் காலத்தில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் வழியில் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியப் பருத்தி நிறுவனம் உருவானது: மாலியில் சிஎம்டிடி, புர்கினாவில் சோஃபிடெக்ஸ், சாடில் கோட்டோன்சாட். விதையையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் நிறுவனமே கடனாகக் கொடுக்கும். விதைப்புக்கு முன்னாலேயே ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அறிவிக்கும். அந்த விலை நாடு முழுக்க ஒன்றுதான். அறுவடையானதும் முழுப் பருத்தியையும் வாங்கி, கடனைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுக்கும். பருத்திக்கென்று வாங்கிய உரம் அடுத்த பட்டத்தில் மக்காச்சோளத்துக்கும் பயன்படும். கிராமச் சங்கத்துக்குப் பருத்தியில் வரும் பணத்தில்தான் பள்ளிக்கூடச் சுவரும் கிணறும் எழும்பின. வங்கி எட்டிப்பார்க்காத ஊர்களில் பருத்திதான் கடன் வழி. தானியம் விளைவதும் அந்தக் கடனால்தான்.

இந்த ஏற்பாட்டில் உலகச் சந்தை விலை விழுந்தால் அடி முதலில் நிறுவனத்தின் கணக்கிலும், பிறகு அரசின் கஜானாவிலும், கடைசியில் அடுத்த ஆண்டு அறிவிக்கும் கொள்முதல் விலையிலும் விழும். 1995 வாக்கில் ஒரு பவுண்டு பஞ்சின் உலக விலை 90 சென்ட்டைத் தாண்டியிருந்தது. 2001-02 பருவத்தின் சராசரி 42 சென்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய பருவத்திலேயே, விலையிலும் பாக்கியிலும் வெறுத்துப்போன மாலி விவசாயிகள் பருத்தி விதைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். நாட்டின் விளைச்சல் ஏறக்குறைய பாதியானது. பேச்சுவார்த்தைக் குறிப்புகளில் 'விலைச் சரிவு' என்று இரண்டு சொல்லில் வருவது களத்தில் இப்படி இருந்தது.

விலை விழுந்தாலும் விழாத வருமானம்

2001இல் உலக விலை முப்பது ஆண்டுகளில் காணாத அளவு விழுந்தபோது, அமெரிக்க விவசாயிகள் என்ன செய்தார்கள்? அதுவரை இல்லாத அளவு விளைவித்தார்கள்: ஒரு பேல் 218 கிலோ என்ற கணக்கில் 2 கோடிக்கும் மேற்பட்ட பேல். விலை பாதியானால் விளைச்சல் குறையும் என்பது பாடப்புத்தகம். டெக்சஸில் லப்பக் பக்கம் அந்தப் பாடப்புத்தகம் செல்லுபடியாகவில்லை.

காரணம் அப்போதே இருந்த மானிய ஏற்பாடு. அடுத்த ஆண்டு வந்த 2002 அமெரிக்கப் பண்ணைச் சட்டத்தைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்தது என்பது விளங்கும். பஞ்சுக்கு இலக்கு விலை பவுண்டுக்கு 72.4 சென்ட். அதை எட்ட மூன்று படிகள். முதல் படி, சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் 52 சென்ட் வரை ஈடுகட்டும் கடன் திட்டம். இது உண்மையில் விளைந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் கிடைக்கும். இரண்டாவது, விலை எதுவானாலும் தரப்படும் 6.67 சென்ட் நேரடித் தொகை. மூன்றாவது, விலை விழும்போது மட்டும் வரும் தொகை, அதிகபட்சம் 13.73 சென்ட். மூன்றையும் கூட்டினால் சரியாக 72.4. பின்னிரண்டும் பழைய சாகுபடிப் பரப்பை வைத்துக் கணக்கிடப்பட்டவை, அதனால் எல்லோருக்கும் முழுத்தொகை வந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் உலக விலை 40 சென்ட்டில் கிடந்தாலும் அந்த விவசாயி 40 சென்ட்டை வைத்து விதைப்பு முடிவை எடுக்க வேண்டியதில்லை என்பது நிச்சயம்.

இதற்கு மேல் 'ஸ்டெப் 2' என்ற திட்டம் வேறு. அமெரிக்கப் பஞ்சு உலக விலையைவிட விலை கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு அமெரிக்க ஏற்றுமதியாளருக்கும் உள்நாட்டு நூற்பாலைக்கும் அரசே பணம் கொடுக்கும். அதாவது, எங்கள் பஞ்சை வாங்கினால் காசு. அப்புறம், வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்கு அரசு பிணை நிற்கும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதம்.

வழக்கில் பிரேசில் வைத்த கணக்கின்படி 1999 முதல் 2002 வரை அமெரிக்கப் பருத்திக்குக் கிடைத்த மானியம் சுமார் 1,247 கோடி டாலர்; அதே காலத்தில் விளைந்த பருத்தியின் மதிப்பு 1,394 கோடி டாலர். வாங்கியவர்கள் ஏறக்குறைய 25,000 விவசாயிகள். ஆப்பிரிக்காவில் ஒரு கோடிப் பேர் என்று மேலே சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கு மன்றத்தில் பிரேசில்

2002 செப்டம்பரில் பிரேசில் வழக்கின் முதல் படியான கலந்தாலோசனையைக் கோரியது. யோசனையை முன்னெடுத்தவர் வேளாண் அமைச்சகத்தில் இருந்த பெத்ரோ டி கமார்கோ நெட்டோ. வழக்கறிஞர் செலவுக்குப் பருத்தி விவசாயிகள் சங்கம் பணம் திரட்டியது. இது சின்ன விஷயமில்லை. ஆயிரக்கணக்கான பக்க ஆவணம், பொருளாதார மாதிரிகள், ஜெனீவாவில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உலக வர்த்தக வழக்கு. பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்துப் பெருநிலப் பண்ணைகளுக்கு அது கட்டுப்படியாகும்.

அமெரிக்காவின் முதல் கேடயம் உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தத்தில் உள்ள 13ஆம் பிரிவு, பேச்சுவழக்கில் 'சமாதான விதி'. 1992ஆம் ஆண்டு முடிவான அளவைத் தாண்டாதவரை விவசாய மானியத்தை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்றது அது. 2003 முடிவில் காலாவதியாக இருந்த விதி அது. பிரேசில் காத்திருக்கவில்லை, 1992 அளவே தாண்டப்பட்டுவிட்டது என்று நிரூபிக்கக் கிளம்பியது.

இங்கே வழக்கின் ருசியான பகுதி வருகிறது. விளைச்சலோடு தொடர்பில்லாத நேரடித் தொகைகள் 'பச்சைப் பெட்டி'யைச் சேர்ந்தவை, அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அமெரிக்கா. பச்சைப் பெட்டி என்றால் வர்த்தகத்தைக் கெடுக்காத மானியம். அதற்கு உச்சவரம்பே கிடையாது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சின்ன நிபந்தனை இருந்தது: இந்தத் தொகை வாங்குபவர் அந்த நிலத்தில் என்ன வேண்டுமானாலும் பயிரிடலாம், பழமும் காய்கறியும் தவிர. கலிபோர்னியா, ஃப்ளோரிடா காய்கறி விவசாயிகள் போட்டிக்குப் பயந்து கேட்டு வாங்கிய நிபந்தனை அது. எதைப் பயிரிடுகிறார் என்பதோடு தொகை கட்டுப்பட்டிருக்கிறது, எனவே இது பச்சைப் பெட்டி அல்ல என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. உள்நாட்டு அரசியலில் தக்காளிக்காரருக்குக் கொடுத்த சலுகை, உலக மன்றத்தில் பருத்திக்காரரின் கேடயத்தை உடைத்தது.

2004 செப்டம்பரில் தீர்ப்பாய அறிக்கை வெளியானது. சந்தை விலையோடு ஏறி இறங்கும் மானியங்கள் உலக விலையைக் குறிப்பிடத்தக்க அளவு அமுக்கி வைத்திருந்தன, ஸ்டெப் 2 வெளிப்படையான தடைசெய்யப்பட்ட மானியம், ஏற்றுமதிக் கடன் உத்தரவாதமும் விதிமீறல். பிரேசில் தரப்பில் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர் டேனியல் சம்னர் கொடுத்த மதிப்பீடு, மானியம் இல்லாமலிருந்தால் உலக விலை சராசரியாக 12.6 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும் என்றது. 2005 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் பிரேசில் வென்றது.

பெனினும் சாடும் இந்த வழக்கில் மூன்றாம் தரப்பினராகச் சேர்ந்தன. தங்கள் பாதிப்பை எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். வென்றாலும் மூன்றாம் தரப்புக்கு நிவாரணம் கிடையாது. அப்படியானால் அவர்களே வழக்குப் போட்டிருக்கலாமே? போட்டு வென்ற பிறகு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கான்குன்: 'வேறு பயிருக்கு மாறுங்கள்'

நான்கு நாடுகளும் 2003 ஏப்ரல் இறுதியில் உலக வர்த்தக அமைப்பிடம் ஒரு கோரிக்கை கொடுத்தன. 2004 தொடங்கி ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்றே ஆண்டில் பருத்தி மானியத்தை ஒழிக்க வேண்டும். அதுவரை வறிய நாடுகளின் பருத்தி விவசாயிகளுக்கு இடைக்கால இழப்பீடு வேண்டும். ஜெனீவாவில் இயங்கிய ஐடியாஸ் சென்டர் என்ற அமைப்பு இதைத் தயாரிக்க உதவியது. ஜூன் மாதம் புர்கினா அதிபர் பிளேஸ் கம்பாவோரே நேரில் ஜெனீவாவுக்கு வந்து பேசினார். உதவி கேட்கவில்லை, ஒப்புக்கொண்ட விதிகளைக் கடைப்பிடிக்கச் சொல்கிறோம் என்பதே அவர்களின் வாதம். அடுத்த மாதம் அவரும் மாலி அதிபர் அமடு துமானி தூரேயும் சேர்ந்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டுரையே எழுதினார்கள்.

செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் நகரில் அமைச்சர்கள் மாநாடு. பருத்தி தனி நிகழ்ச்சிநிரலாக வந்ததே பெரிய வெற்றி. அமைப்பின் தலைமை இயக்குநர் சுபச்சாய் பானிச்பக்டி, வழக்கத்துக்கு மாறாக, தானே இந்த விஷயத்தில் கலந்தாலோசனை நடத்தினார். அமெரிக்கத் தரப்பு, பருத்தியை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது, செயற்கை இழை, துணி வர்த்தகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. பிரச்சினையைக் கரைக்க வேண்டுமென்றால் அதைப் பெரிதாக்குவது பேச்சுவார்த்தையில் பழைய உத்தி.

13ஆம் தேதி வந்த வரைவு அறிக்கையின் 27ஆம் பத்தி ஆப்பிரிக்கர்களைத் தூக்கிவாரிப் போட்டது. மானியக் குறைப்புக்குத் தேதி இல்லை, இழப்பீடு பற்றிப் பேச்சில்லை. பருத்தியை நம்பியிருக்கும் நாடுகள் பொருளாதாரத்தைப் பல்வகைப்படுத்த உலக வங்கி, ஐஎம்எஃப் திட்டங்களைத் திருப்பிவிட வேண்டும் என்றிருந்தது. நாகரிகமான மொழியை விலக்கிப் பார்த்தால், மலிவாக விளைவிப்பவர் விலக வேண்டும், மானியத்தில் விளைவிப்பவர் தொடரலாம். பருத்தியை விட்டால் மக்காச்சோளத்துக்கு உரக்கடனும் போய்விடும் என்ற விவரம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி.

மறுநாள் மாநாடு முறிந்தது. முறிந்தது பருத்தியால் அல்ல. முதலீடு, போட்டி, அரசு கொள்முதல் உள்ளிட்ட 'சிங்கப்பூர் விவகாரங்கள்' என்ற தலைப்புகளில். ஆனால் பருத்திப் பத்தி கிளப்பிய கோபம் ஆப்பிரிக்க நாடுகள் விட்டுக்கொடுக்காமல் நின்றதற்கு ஒரு காரணம். பிரேசில், இந்தியா, சீனா முதலியவை சேர்ந்து ஜி-20 என்ற விவசாயக் கூட்டணியாக முதன்முதலில் நின்றதும் அங்கேதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நிறைய வாசகங்களும் கொஞ்சம் காரியமும்தான். 2004 ஜூலையில், பருத்தி விவகாரம் லட்சியத்தோடும் விரைவாகவும் தனித்தும் கையாளப்படும் என்று வாக்கு; ஆனால் பொது விவசாயப் பேச்சுக்கு உள்ளேயே. ஆண்டு இறுதியில் ஒரு துணைக்குழு. 2005 டிசம்பரில் ஹாங்காங்கில், வளர்ந்த நாடுகள் பருத்தி ஏற்றுமதி மானியத்தை 2006இல் நிறுத்தும், வறிய நாடுகளின் பஞ்சைத் தீர்வையின்றி அனுமதிக்கும், உள்நாட்டு மானியத்தை மற்றப் பயிர்களைவிட அதிகமாகவும் சீக்கிரமாகவும் குறைக்கும்.

கடைசி வாக்குதான் முக்கியமானது. ஏனென்றால் பணமெல்லாம் உள்நாட்டு மானியத்தில்தான் இருந்தது. அது 'மற்றப் பயிர்களைவிட' என்று எழுதப்பட்டதால், மற்றப் பயிர்களுக்கான ஒப்பந்தம் முடிந்தால்தான் இதற்கு உயிர். தோஹா சுற்று என்று அழைக்கப்பட்ட அந்தப் பொதுப் பேச்சுவார்த்தை முடியவே இல்லை. தீர்வையில்லா அனுமதியோ, நூற்பாலை குறைந்துகொண்டே வந்த நாடுகளில் கதவைத் திறந்ததைப் போன்றது. அமெரிக்காவே பஞ்சு ஏற்றுமதி நாடு, ஆப்பிரிக்கப் பஞ்சை அது ஏன் வாங்கப் போகிறது? இந்தப் பஞ்சு போவது சீனாவுக்கும் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும்.

2008 ஜூலையில் கடைசியாக ஒரு வாய்ப்பு. தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமி இருபது தலைப்புகள் கொண்ட பட்டியலோடு ஜெனீவாவில் அமைச்சர்களை உட்கார வைத்தார். பதினெட்டில் உடன்பாடு நெருங்கியது. அடுத்தது, இறக்குமதி திடீரெனப் பெருகும்போது வளரும் நாடுகள் தீர்வையை உயர்த்தும் பாதுகாப்பு ஏற்பாடு. அதில் இந்தியாவும் அமெரிக்காவும் மோதின, பேச்சு முறிந்தது. பருத்தி மேசைக்கே வரவில்லை. நம் ஊர்ப் பத்திரிகைகள் அமைச்சர் கமல்நாத்தை ஏழை விவசாயியின் காவலராகக் கொண்டாடின. அந்த நிலைப்பாட்டில் நியாயமும் இருந்தது. ஆனால் 'வளரும் நாடுகள்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. இந்திய விவசாயியின் பாதுகாப்பில் சிக்கிய பேச்சு மாலி விவசாயியின் முறைக்கு முன்னால் நின்றுபோனது.

பதிலடி என்னும் பணம்

மறுபடி பிரேசிலுக்கு. தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்கா 2006 ஆகஸ்ட்டில் ஸ்டெப் 2 திட்டத்தை எடுத்தது. மற்ற மானியங்கள் தொடர்ந்தன. பிரேசில் மறுபடி மன்றம் போய், 2008இல் மறுபடி வென்றது. 2009 ஆகஸ்ட் 31 அன்று நடுவர்கள் பதிலடியின் அளவை நிர்ணயித்தார்கள்.

வறிய நாடுகளின் கண்ணோட்டத்தில் முழு வழக்கின் கூர்மையான இடம் இதுதான். விலையை அமுக்கும் மானியத்துக்காகப் பிரேசில் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் கேட்டது. உலகம் முழுவதற்குமான விலைப் பாதிப்பை அடிப்படையாக வைத்த கணக்கு அது. நடுவர்கள் ஏற்கவில்லை. வழக்குப் போட்டவருக்கு நேர்ந்த இழப்பு மட்டும்தான் கணக்கு என்றார்கள். அப்படி வந்ததே 14.73 கோடி. உலக விலை என்பது ஒன்றுதான், அது அமுக்கப்பட்டால் எல்லோருக்கும் அமுக்கப்பட்டதுதான். ஆனாலும் பெனினின் இழப்பு யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத்துக்கு ஆண்டுதோறும் மாறும் தொகை தனி. இரண்டும் சேர்ந்து 2010க்கு 82.9 கோடி டாலர் என்று கணக்கிட்ட பிரேசில், மார்ச் மாதம் 102 அமெரிக்கப் பொருள்களின் பட்டியலை வெளியிட்டது. 59.1 கோடி வரை அந்தப் பொருள்கள் மீது கூடுதல் தீர்வை. மீதி 23.8 கோடிக்கு அறிவுசார் சொத்து உரிமைகளில் கை வைப்போம் என்றது: மருந்துக் காப்புரிமை, மென்பொருள், திரைப்பட உரிமை. பருத்தி மானியத்துக்கும் மருந்துக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாததுதான் அதன் பலம். பருத்தி விவசாயிகளுக்காக எதுவும் பேசாத கம்பெனிகள் திடீரென வாஷிங்டனில் இந்த வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. தீர்வை அமலாக வேண்டிய நேரத்தில் முதல் பத்தியில் சொன்ன உடன்பாடு வந்தது.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். மாலி வழக்குப் போட்டு வென்றிருந்தால் எந்த 102 பொருள்களின் பட்டியலைப் போட்டிருக்கும்? அமெரிக்காவிலிருந்து மாலி வாங்குவது வாஷிங்டனின் எந்த ஏற்றுமதியாளர் கண்ணிலும் படாத அளவு. தீர்வை போட்டால் தன் ஊரில்தான் விலை ஏறும். காப்புரிமையை மறுக்கலாம் என்றால், மறுத்துவிட்டு அந்த மருந்தைத் தயாரிக்க உள்ளூரில் ஆலை வேண்டும். தவிர, இந்த நாடுகளின் பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவிக்குப் பெரிய இடமுண்டு. உதவி தருபவரையே வழக்குக்கு இழுக்க எந்த நிதியமைச்சர் துணிவார்? விதிகள் எல்லா நாட்டுக்கும் சமம். விதியை அமல்படுத்தும் கருவி இறக்குமதிச் சந்தையின் அளவுக்கு ஏற்றபடி கிடைக்கிறது.

பிரேசில் பக்கம் ஓர் ஈரமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. உடன்பாட்டு நிதியிலிருந்து ஆப்பிரிக்க நாடுகளோடு பருத்தித் துறை ஒத்துழைப்புக்கும் செலவிடலாம் என்ற விதி இருந்தது. பிரேசிலின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராப்பா மாலியின் சோத்துபா ஆய்வு நிலையத்தில் நான்கு நாடுகளுக்குமான திட்டம் நடத்தியது. உபயோகமான வேலைதான். ஆனாலும் கேட்டது விலை, கிடைத்தது பயிற்சி.

2013 அக்டோபரில் அமெரிக்கா பணம் கட்டுவதை நிறுத்தியது. 2014 அக்டோபர் 1 அன்று ஒரே தவணையாக 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த ஆண்டின் பண்ணைச் சட்டம் பருத்தியை முக்கிய மானியத் திட்டங்களிலிருந்து எடுத்து, தனிக் காப்பீட்டுத் திட்டத்தில் போட்டிருந்தது. சட்டம் அமலில் இருக்கும்வரை புது வழக்குப் போட மாட்டோம் என்று பிரேசில் ஒப்புக்கொண்டது. நான்கே ஆண்டில், 2018 பிப்ரவரியில், 'விதைப் பருத்தி' என்ற பெயரில் பருத்தி மறுபடி பழைய திட்டங்களுக்குள் வந்து உட்கார்ந்தது, பவுண்டுக்கு 36.7 சென்ட் ஆதார விலையோடு. பஞ்சை எடுத்தார்கள், கொட்டையோடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மானியம் ஒன்றுதான் வில்லனா?

இல்லை. நான்கு நாடுகளின் விவசாயி வாங்குவது சிஎஃப்ஏ ஃப்ராங்க். அது யூரோவோடு கட்டப்பட்டது, ஒரு யூரோவுக்கு 655.957 ஃப்ராங்க். பஞ்சு விற்பதோ டாலரில். 2001இல் ஒரு டாலர் 700 ஃப்ராங்குக்கு மேல் பெற்றது. 2004 முடிவில் 500க்குக் கீழே. இந்த இறக்கம் மட்டுமே விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம். சம்னரின் 12.6 சதவீதத்தோடு ஒப்பிட்டால் எது பெரியது என்று தெரியும். மாலி 2004-05இல் கிலோவுக்கு 210 ஃப்ராங்க் அறிவித்து, நிறுவனம் பெரும் நஷ்டத்தில் விழுந்து, அடுத்த பருவத்தில் 160க்கு இறக்கியது. கடன் கொடுத்தவர்கள் சிஎம்டிடியைத் தனியாருக்கு விற்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம் வேறு. புர்கினா 2008 முதல் மரபணு மாற்றப் பருத்திக்குப் போய், இழை குட்டையாகிவிட்டது என்று சில ஆண்டுகளில் கைவிட்டது. இவை எதற்கும் டெக்சஸைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நாணயம் யூரோவோடு கட்டப்பட்டிருப்பதையோ நிறுவனத்தின் நிர்வாகத்தையோ எந்த வர்த்தக ஒப்பந்தமும் தடைசெய்யவில்லை, மானியத்தைத் தடைசெய்திருந்தது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 2011இல் உலக விலை பவுண்டுக்கு இரண்டு டாலரைத் தாண்டியது. சீனா அரசுக் கையிருப்புக்கு வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் உலகக் கையிருப்பில் பாதிக்கு மேல் சீனாவிடம். பருத்திக்கு அதிக ஆதரவு தரும் நாடாகச் சீனா அமெரிக்காவை முந்தியது. 2018 நவம்பரில் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவின் பருத்தி ஆதரவு விலை மேல் எதிர்-அறிவிக்கை போட்டது, அதாவது இந்தியா தானே அறிவித்த கணக்கு சரியில்லை என்று தன் கணக்கை முன்வைத்தது. வளரும் நாட்டுக்கு அனுமதித்த 10 சதவீத வரம்பை இந்தியா எக்கச்சக்கமாகத் தாண்டிவிட்டதாம். அந்தக் கணக்கில் 1986-88 விலையே அளவுகோல், நாட்டில் விளைந்த அத்தனை பருத்தியும் மானியம் பெற்றதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்தியப் பருத்திக் கழகம் உண்மையில் கொள்முதல் செய்ததை மட்டும் எண்ண வேண்டும் என்பது இந்தியாவின் பதில். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கோவை, திண்டுக்கல் நூற்பாலைகளிலிருந்து பார்த்தால் இதே கதை தலைகீழ். மலிவான பஞ்சு எங்கிருந்து வந்தாலும் ஆலைக்கு லாபம். 2021இல் இந்தியா போட்ட 11 சதவீத இறக்குமதித் தீர்வையை நீக்கச் சொல்லித் தமிழ்நாட்டு ஆலைகள் கேட்டுக்கொண்டே இருந்தன; 2022இலும், அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை போட்ட 2025 ஆகஸ்ட்டிலும் மத்திய அரசு தற்காலிகமாக விலக்கியது. மகாராஷ்டிரத்தின் பருத்திப் பகுதியான விதர்பாவின் விவசாயி எதிர்த்தார். பேச்சுவார்த்தையில் 'இந்தியா' என்று உட்காருபவர் இந்த இருவருக்கும் சேர்த்து உட்காருகிறார்.

நான்கு நாடுகளும் இன்னும் விடவில்லை. ஐவரி கோஸ்ட் எனப்படும் கோட் டிவாரும் அவர்களோடு சேர்ந்தது. 2015 நைரோபி மாநாட்டில் ஏற்றுமதி மானியத் தடை உறுதியானது. அப்போது தலைமை இயக்குநர் நாற்காலியில் இருந்தவர், பிரேசிலின் பருத்தி வழக்கை ஜெனீவாவில் நடத்திய ரொபெர்ட்டோ அசிவேதோ. உள்நாட்டு மானியம் பற்றி அங்கேயும் முடிவில்லை. 2024இல் அபுதாபியிலும் இல்லை. பெனின் தன் பஞ்சைத் தானே துணியாக்கக் குளோ-ஜிக்பேயில் தொழில் மண்டலம் அமைத்திருக்கிறது. ஜெனீவாவுக்காகக் காத்திருப்பதைவிட இது உருப்படியான வழி என்றே தோன்றுகிறது. உலகப் பருத்தி நாள் ஒன்று கிடைத்தது, அக்டோபர் 7.

பிரேசில் போன பாதையும் இப்போது அடைபட்டிருக்கிறது. புது உறுப்பினர்கள் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் செயல்படவில்லை. தீர்ப்பாயத்தில் தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால், அதை விசாரிக்க ஆள் இல்லாமல் வழக்கு அப்படியே நிற்கும். தீர்ப்பு அமலுக்கு வராது. 2018இல் திரும்பி வந்த அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து நாளைக்கு யாராவது மன்றம் போனாலும் 2005 மார்ச்சில் கிடைத்ததைப் போன்ற இறுதித் தீர்ப்பு கிடைக்க வழியில்லை.